வெட்டிய ஒன்பது நொடி

14.3.2006, செவ்வாய்

சாயங்காலம் பாரிசிலிருந்து போன். மாப்பிள்ளையின் அம்மா பேசினார்கள். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"சிடி பாத்தோம். பையனுக்குப் பொண்ண ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. அடுத்த மாசம் காரைக்கால் வர்றோம். பொண்ணு கையால ஒரு காபி குடிச்சிட்டு நாள் குறிச்சிடுவோம்."

"எல்லாம் எம் பொண்ணே கம்ப்யூட்டர்ல பண்ணுனதுங்க" என்றார் அப்பா.

நான் செய்த முதல் வீடியோ அது. மூன்று நிமிடம். பூ கட்டுகிறேன், டைப் அடிக்கிறேன், சிரிக்கிறேன். எல்லாம் உட்கார்ந்தபடி. கொல்லையிலிருந்து நடந்து வந்ததை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள் அம்மா. "நேர்ல வர்றப்ப பாத்துக்கலாம்டி." போலியோ வந்த இடது காலை இழுத்துத்தான் நடப்பேன். வெட்டினேன். வெட்டிய இடமே தெரியவில்லை என்று நான் படிக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் சார் பாராட்டினார். அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போனை வைத்ததும் பஸ் ஏறி சென்டருக்குப் போனேன். கம்ப்யூட்டரில் வெட்டியது அழிவதில்லை. வெட்டிய துண்டின் ஓரத்தை மவுசால் பிடித்து இழுத்தால் திரும்ப வந்துவிடும். இழுத்தேன். திரையில் நான் நடந்து வந்தேன். ஒன்பது நொடி. பாரிசில் இருக்கும் சிடியில் அதை இனி எப்படி ஒட்டுவது?

வீட்டுக்கு வந்து, போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்றேன். "அப்பா மொகத்தப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள் அம்மா.

எல்லோரும் படுத்த பிறகு, டம்ளர் நிறையத் தண்ணீரோடு அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நடந்து பார்த்தேன். சிந்தாமல் வரப் பன்னிரண்டு நொடி ஆகிறது.