ஆபீஸ் விலாசத்துக்கே எழுது

செகந்திராபாத்
12-8-1986

சௌபாக்கியவதி கல்பகத்துக்கு ஆசீர்வாதம். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தைலத்துக்குக் கேட்கிறதா?

ஆபீசில் எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். சத்தமே கிடையாது. விற்காத ரேடியோப் பெட்டிகள்தான் துணை. என் பதவிக்கு வந்திருக்கும் முரளி, இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பையன், சனிக்கிழமை ஆளோடு வந்து என் மேஜைப் போனைக் கழற்றச் சொன்னான்.

"உங்களுக்கு இனிமே டென்ஷன் நக்கோ சார், வேணாம். நீங்க அட்வைசர். டீலருங்களை நான் பாத்துக்கறேன்."

"வாரங்கல் டீலர் என்னைத்தான் கேப்பார்."

"கேட்டா சொல்றேன் சார், ரெஸ்ட்ல இருக்கார்னு."

சைக்கிளில் சோப்பு விற்று ஆரம்பித்தவன் நான். தெலங்கானா முழுக்கக் கடை கடையாக ஏறி இந்தக் கம்பெனி டி.வி.யை வைத்தவனும் நான். நான் காலேஜ் படிக்காதவன் என்பது அவர்களுக்கு இப்போதுதான் உறைத்ததாம்.

ராஜினாமா செய்துவிட்டு வாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். வரமாட்டேன். போ என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். அதுவரை தினமும் அந்த நாற்காலியில் போய் உட்காருவேன். ஆலோசனை கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.

மோர்மிளகாய் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு. ஆபீசுக்கு டிரங்க் கால் போடாதே. கடிதத்தை மட்டும் வீட்டுக்கு எழுதாமல் ஆபீஸ் விலாசத்துக்கே எழுது. முன்பு போலவே என் பெயருக்குக் கீழே மார்க்கெட்டிங் மேனேஜர் என்று பெரிதாகப் போடு. பியூன் அதை எல்லார் மேஜையையும் தாண்டி என் அறைக்குக் கொண்டுவரட்டும். வாரத்துக்கு இரண்டு கடிதமாவது எழுது. விஷயம் ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

ஜெகநாதன்