விரதம் என்று சொன்னது

ஆடிச் செவ்வாய், இரவு

திருப்பரங்குன்றம் கோயில் வாசலில் இன்று பக்கத்து வீட்டுச் செல்வியக்கா மயங்கி விழுந்தார். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்திருக்கிறார்.

எப்படி மெலிந்தாய் என்று போன மாதம் அவர் கேட்டபோது, "செவ்வாக்கெழமை முருகனுக்கு விரதம் இருக்கேன்க்கா" என்று சொன்னவள் நான்தான். உடம்பு குறைய வாரம் ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசியைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மூட்டுவலி போனது அதனால்தான். மீன்குழம்பு வாசனைக்கே குமட்டுவதும் அதனால்தான். அதையும் விரதத்தின் பேரில் சொல்லிச் சமாளித்தேன்.

ஜூஸ் குடித்துத் தெளிந்ததும், ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "ஒனக்கு இம்புட்டு கொறைச்ச முருகன் எனக்குக் கொறைக்க மாட்டானா? அடுத்த செவ்வாயும் இருப்பேன்டி."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "நல்லா சாஞ்சுக்கங்கக்கா" என்றுதான் வந்தது.

எனக்கு அடுத்த ஊசியும் அன்றைக்குத்தான்.