கோயில் கூரையும் பாஸ்டன் பதிலும்

லான்மடாவ், யாங்கோன்
ஆகஸ்ட் 18

அன்பு மகள் ஷீபாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலைத் தவிர, அது தனிக்கட்சி. அங்கே இந்தியானாவில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். இங்கே மழை விடவில்லை, கரண்ட் நாலு மணி நேரம் வந்தால் திருவிழா. மற்ற நிலைமையெல்லாம் உனக்கே தெரியும், காகிதத்தில் வேண்டாம்.

உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீ எழுதிய பாடத்தை இரண்டு தரம் படித்தேன், பெருமையாக இருந்தது. அடிமை வைக்கலாமா கூடாதா என்று அமெரிக்கா நாற்பது வருஷம் சண்டை போட்டிருக்கிறது. நாட்டில் கோடு போட்டு இந்தப் பக்கம் உண்டு அந்தப் பக்கம் இல்லை என்றார்கள், தப்பி வந்தவனைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கவும் சட்டம் போட்டார்கள், எல்லாம் சமாதானத்துக்காகத்தான். ஆனால் இந்த ஊருக்கு மிஷனரிகளை அனுப்பிய பாஸ்டன்காரர்கள், அடிமையை விடமாட்டேன் என்பவனை மிஷனரியாக ஏற்கமாட்டோம் என்று தெற்கத்தியாருக்குப் பதில் எழுதினார்களே, அந்தத் துணிச்சலை எப்படி மெச்சுவது! 1845-இல் அதனால் அவர்கள் சபை வடக்கு, தெற்கு என்று இரண்டாக உடைந்தது, பதினாறு வருஷத்தில் நாட்டுக்குள்ளேயே போர் வந்தது.

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை மகளே. நம் கோயில் கூரை ஒழுகுகிறது, புதுத் தகரம் போட்டுத் தர ஒரு முதலாளி வந்தார், அழைத்து வந்தவர் உன் ஜெரால்ட் மாமா. ஆற்றுக்கு அக்கரை டாலாவில் ஆள் பிடித்து நடுக்கடல் மீன்பிடித் தெப்பங்களுக்கு அனுப்புகிறவர் அந்த முதலாளி. போனவர்களைக் கரையேற விடுவதில்லை. நம் சபைச் செல்வம், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், எட்டு மாதம் அதில் கிடந்து கால் வீங்கித் தப்பி வந்தவர். கமிட்டிச் செயலாளர் நான் என்ன செய்தேன் தெரியுமா, கூரையை வாங்கிக்கொள்வோம், அவர் பெயர் வெட்டிய கல் மட்டும் வேண்டாம் என்று யாருக்கும் வலிக்காத தீர்மானம் ஒன்றை அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன். கப்பல் ஆபீஸ் குமாஸ்தா புத்தி.

உன் பாடத்தை அம்மாவுக்கு வாசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் போரைத் தவிர்த்திருக்கலாம், எத்தனை உயிர் என்றேன். புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "அத்தன வருஷமும் அந்த அடிமச் சனத்துக்கு மட்டும் சமாதானமாவா இருந்துச்சு?" என்று கேட்டாள். மறுநாள் கமிட்டியில், பாட்டுக்குத் தவிர கோயிலில் வாய் திறக்காத உன் அம்மா, செல்வத்தைக் கையோடு கூட்டி வந்து என் எதிரில் உட்கார வைத்து, உங்கள் தீர்மானத்தை இவருக்கு முன்னால் வாசியுங்கள் என்றாள். நான் முதல் வரியைத் தாண்டவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். கூரை வேண்டாம் என்று முடிவாயிற்று. முப்பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தும் மார்த்தாவை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

மாமா கோபித்துக்கொண்டு ஏழு குடும்பத்தோடு போய்விட்டார், ஐந்து ஞாயிறு அவர் வீட்டில்தான் ஆராதனை. ஒரே தம்பி, அம்மா அழுதாள், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் பயம், பாஸ்டன்காரர்கள் கதை நமக்கும் வந்துவிட்டதே என்று. போன சனிக்கிழமை பழைய தகரத்துக்கே தார் பூசச் செல்வம் ஏறினார். இந்த முழங்காலோடு ஏணியைப் பிடிக்க முடியாமல் யாரையாவது கூப்பிடலாமென்று திரும்பினால், மாமா வந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னோடு இன்னும் பேச்சில்லை. அம்மாவிடம் மட்டும், டீ இருக்காக்கா என்று கேட்டார். செல்வம் இறங்கி முடிக்கும்வரை ஏணியை விடவில்லை.

குளிருக்கு முன் கம்பளிச் சட்டை வாங்கிக்கொள். மருமகனுக்கு ஊறுகாய் வருகிறது. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்றை மறக்காதே, பாடத்தில் போர் தொடங்கிய ஆண்டு 1861 என்று எழுதியிருக்கிறாய், அதன் கீழே அம்மா கேட்டதையும் எழுது.

அன்புள்ள அப்பா,
தேவநேசன்