பாலிஷ் கூடத்தின் மூன்றாவது கோப்பு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அவருக்கு முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது, மற்றபடி குறையில்லை. நீ நலமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன், இந்த முறை அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கமும், அதனால் பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி. போனிலேயே சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மூன்று தடவை உன் குரல் அறுந்து அறுந்து வந்தது, போன் பழசாகிவிட்டது, புதுசு வாங்கச் சொல் என்கிறார் அப்பா. அது இருக்கட்டும், அந்தப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். சிரிக்காதே, பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் கோப்பைக் கட்டிக்கொண்டு அழுதது போதாதா என்று உன் அப்பாவே சிரித்து முடித்துவிட்டார். வேலை எங்கே தெரியுமா, நீ இரண்டு வருஷம் பார்த்துவிட்டு உதறிவிட்டுப் போனாயே, அதே கல் பட்டறையில். சமையலறை மேடைக்குக் கல் அறுத்து மெருகேற்றுகிற இடத்தில் எனக்கென்ன வேலை என்றால், அங்கே இருந்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர் அதன் முதுகைத் திறந்து ஒரு செய்தித்தாளின் மேல் தட்டினாராம், இரண்டு கை கொள்ளாத அளவுக்கு வெள்ளைத் தூசி கொட்டியதாம். மூடி வச்ச பெட்டிக்குள்ளேயே இவ்வளவு போயிருக்கே என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். இனிமேல் காகிதமே போதும், காகிதம் கெட்டுப்போகாது என்று மேனேஜர் முடிவுக்கு வந்திருக்கிறார். ஆள் தேடியபோது என் அக்கா இருக்கா, அவளைக் கூப்பிடுங்க என்று சொன்னது உன் மாமா. நீ வேலை பார்த்த பாலிஷ் கூடத்துக்கு சூப்பர்வைசராக இருந்துகொண்டு, சொந்த அக்கா மகன் என்றும் பாராமல் அத்தனை பேர் முன்னால் உன்னைச் சோம்பேறி, உருப்படாதவன் என்று திட்டி விரட்டினானே, அன்றிலிருந்து எட்டு மாதமாக நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சமாதானத்துக்கு வழி தேடுகிறான் போல என்று நினைத்து, சரி என்றேன்.

எனக்குக் கொடுத்த அறை பாலிஷ் கூடத்துக்கு ஒட்டியது, நடுவில் ஒரு மரத் தடுப்புதான், அந்தப் பக்கம் மெஷின் ஓடினால் இந்தப் பக்கம் மேஜையில் குண்டூசி டப்பா தானாக நகரும். உள்ளே போனதும் தலை சுற்றிவிட்டது. ஆறு வருஷத்துக் காகிதம் கோணியிலும் அட்டைப்பெட்டியிலும் உடைந்த வாளியிலும் கிடக்கிறது. லாரிச் சீட்டு, கல் வந்த ரசீது, லீவு சீட்டு, டாக்டர் சான்றிதழ், விலகல் கடிதம், யாரோ டீ கணக்கு எழுதிய அட்டை எல்லாம் ஒன்றாகப் பிசைந்து வைத்த மாதிரி. முதல் இரண்டு நாள் நான் எதையும் கோக்கவே இல்லை. அவசரப்பட்டு ஓட்டை போட்டு டேக் கயிற்றில் கோத்துவிட்டால் பிறகு பிரிக்கும்போது அழவேண்டும். முதலில் தரையில் பரப்பி இனம் பிரித்தேன், பிறகு தேதி பார்த்தேன், பிறகுதான் அட்டை வாங்கச் சொன்னேன், லாரிக்கு நீலம், கல்லுக்குப் பச்சை, ஆட்களுக்கு மஞ்சள். இதர என்று ஒரு கோப்பு வைக்கலாமா என்று மேனேஜர் கேட்டார், முடியாது என்று சொல்லிவிட்டேன், இதர என்று ஒன்றைத் திறந்துவிட்டால் சோம்பேறித்தனம் எல்லாம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு காகிதத்துக்கும் மூலையில் ஒரு எண், அந்த எண் பதிவேட்டில் ஒரு வரி, இதுதான் என் முறை என்பது நீ சின்ன வயதில் என் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து கிறுக்கிய காலத்திலிருந்தே உனக்குத் தெரியும். ஒன்று மட்டும்தான் என்னை நச்சரித்தது. காலையில் துடைத்த அலமாரி மதியம் வெள்ளையாகிவிடும், விரலால் என் பெயரை எழுதலாம், துடைத்துத் துடைத்து எனக்குக் கை விட்டுப்போனது.

இதில் ஒரு தப்பு செய்தேன். ஆட்களின் காகிதத்தைப் பெயர் வரிசையில்தான் வைக்கவேண்டும் என்று எவரும் எடுத்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பது வருஷமாகப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக அடுக்கிய கை, ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்பது மாதிரி அறுக்கும் கூடம், பாலிஷ் கூடம், பேக்கிங், லாரி ஷெட் என்று தானாக அடுக்கிக்கொண்டே போனது. பேக்கிங்கில் இருபத்திரண்டு பேர், அவர்களின் ஆறு வருஷத்து லீவு சீட்டு ஒரே கோப்பில் அடங்கி, மேலே இன்னும் இரண்டு விரல் இடம் மிச்சம். பாலிஷ் கூடத்தில் எந்த நேரமும் பதினோரு பேருக்கு மேல் கிடையாது. அந்தக் கோப்பு மூட வரவில்லை. டேக் எட்டவில்லை. நான்தான் கவனமில்லாமல் வேறு கூடத்துச் சீட்டைக் கலந்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு பிரித்து மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கலக்கவில்லை. இரண்டாவது கோப்பு திறந்தேன், அதுவும் நிறைந்தது. மூன்றாவது அட்டையை எடுக்கவேண்டி வந்தது.

சீட்டை வைத்துவிட்டுப் போவதுதான் என் வேலை, படிப்பது இல்லை, ஆனால் அன்றைக்குப் படித்தேன். ஒவ்வொருவர் எழுத்தும் ஒரு தினுசு, ஒருவர் கோழி கிளறியது மாதிரி, ஒருவர் முத்து முத்தாக, ஆனால் காரணம் என்ற இடத்தில் எல்லோரும் ஒன்றையே எழுதியிருக்கிறார்கள். இருமல். இருமலும் காய்ச்சலும். மூச்சு முட்டுகிறது. படியேற முடியவில்லை. ஆறு வருஷத்தில் அந்தக் கூடத்துக்கு வந்தவர்கள் முப்பத்து நான்கு பேர், முதலில் மாதம் ஒரு சீட்டு, பிறகு வாரம் ஒன்று, பிறகு விலகல் கடிதம், அதோடு அந்த ஆளின் காகிதம் முடிந்துவிடுகிறது. பாட்டுக்காரர் என்று ஒருவரைப் பற்றிச் சொல்வாயே, மெஷின் சத்தத்துக்கு மேலே பாடிக்கொண்டே கல் தேய்ப்பார், அவர் பக்கத்தில் நின்றால் நேரம் போவதே தெரியாது என்று. அவருடைய கடைசிக் காகிதம் அவர் எழுதியது இல்லை, அவர் மனைவி எழுதியது. ஆஸ்பத்திரியில் எங்கே வேலை பார்த்தார் என்று கேட்கிறார்கள், அவரால் உட்கார்ந்து எழுத முடியவில்லை, வேலை பார்த்ததற்கு ஒரு சான்றிதழ் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார். தந்ததற்கான நகல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கோணியை உதறிக்கூடப் பார்த்துவிட்டேன்.

உன் சீட்டும் இருந்தது, மொத்தம் நான்கு. வலப்பக்கம் சாய்கிற உன் எழுத்தை நான் இருட்டிலும் கண்டுபிடிப்பேன், பெயரைப் பார்க்கவேண்டியதே இல்லை. சிநேகிதன் கல்யாணம் என்று சொல்லி இரண்டு நாள் வெளியூர் போனாயே, அந்தத் தேதியில் ஒன்று, காரணம் இருமல். மழையில் நனைந்துவிட்டேன், கஷாயம் வேண்டாம் என்று என்னிடம் எரிந்து விழுந்தாயே, அந்த வாரத்தில் ஒன்று. கடைசிச் சீட்டில் நெஞ்சு வலி என்று எழுதி அதை அடித்துவிட்டு, சொந்த வேலை என்று எழுதியிருக்கிறாய். உன்னைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, பெற்றவளிடம் மறைக்கிற அளவுக்குப் பயந்திருக்கிறாயே என்றுதான் நினைத்தேன். நான் அந்த அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மேனேஜரை உனக்குத் தெரியும், அதிர்ந்து பேசாத மனிதர். புதன்கிழமை வந்தார். அலமாரியைப் பார்த்து நல்லா இருக்கும்மா என்றார், பாலிஷ் கூடத்தின் மூன்றாவது கோப்பை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார், பிரிக்காமலேயே வைத்துவிட்டார். வெளியே போய் எனக்கு ஒரு மின்விசிறி கொண்டுவரச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வுக்கு ஒருத்தர் வர்றாரும்மா, கூடம் கூடமா இருந்தா அவருக்குக் குழப்பம், எல்லாத்தையும் பெயர் வரிசையில மாத்திடுங்க, விலகிப்போனவங்க காகிதம் நமக்கு எதுக்கு, அதைத் தனியா மூட்டை கட்டிடுங்க என்றார். குரல் அவ்வளவு இனிமை. பெயர் வரிசையில் வைத்தால் பாலிஷ் சீட்டு எல்லாம் மற்ற கூடத்துச் சீட்டுகளுக்கு நடுவில் சிதறிவிடும், எந்தக் கோப்பும் பருக்காது, எல்லாம் ஒரே உயரத்தில் அழகாக நிற்கும், பார்க்கிறவர் ஒன்றும் இல்லை என்று போய்விடுவார். இது எனக்கு அவர் வாயை மூடுவதற்குள் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்திருக்கும். வியாழக்கிழமை போனால் அறைச் சாவி அவர் மேஜையில் இருந்தது, இனிமே என்கிட்டயே வாங்கிக்கங்க என்றார். சாவியை நீட்டும்போது, வீட்டுல இதைப் பத்தியெல்லாம் பேசுவீங்களாம்மா என்று கேட்டார். எங்க வீட்டுக்காரருக்கு முழங்காலைத் தவிர வேற பேச்சே கிடையாதுங்க என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன், ஆனால் அந்தச் சாவி கையில் ஜில்லென்று இருந்தது.

அன்று மதியம் மெஷின் நின்ற நேரம் பார்த்து உன் மாமாவைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டேன். ஒவ்வொரு சீட்டிலும் கீழே அவன் கையெழுத்து இருக்கிறது, ஒன்று விடாமல். இத்தனையிலும் கையெழுத்துப் போட்ட உனக்கு எதுவும் தெரியாதா, தெரிந்தே என் பிள்ளையை இங்கே கூட்டிவந்தாயா என்று வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டேன். வாயில் கட்டியிருந்த ஈரத் துண்டைக்கூட அவிழ்க்காமல் நின்றான். கூட்டிட்டு வந்தப்போ தெரியாதுக்கா, அவன் நாலாவது சீட்டைக் கொண்டுவந்தப்போ தெரிஞ்சுது, மெதுவா போன்னு சொன்னா அவன் கேக்கமாட்டான், ரோஷம் வந்தாத்தான் கேப்பான், அதான் அத்தனை பேர் முன்னால பேசினேன் என்றான். பிறகு அவனே சொன்னான், கோப்பு வேலைக்கு உன் பேரைச் சொன்னதும் சும்மா இல்லக்கா, நீ வகுப்பு வகுப்பாத்தான் அடுக்குவேன்னு எனக்குத் தெரியும், நானா வெளிய சொல்ல எனக்குத் தைரியம் வரல, அடுக்கினா அதுவே தெரிஞ்சிடும்னு நெனச்சேன். எட்டு மாதமாக யாரை நான் கரித்துக்கொட்டினேனோ அவன்தான் உன்னை அங்கிருந்து கிளப்பியிருக்கிறான். பேசி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருமினான். அந்த மூன்று கோப்பிலும் அவன் பெயரில் ஒரு சீட்டுகூடக் கிடையாது. அவன் சீட்டுக்குக் கையெழுத்துப் போட அங்கே ஆள் இல்லை என்பான், அவனுக்குப் பயம், அவ்வளவுதான்.

இன்று சனிக்கிழமை. மேனேஜர் சொன்னபடியே பெயர் வரிசையில் மாற்றிவிட்டேன், விலகினவர்களை மூட்டையும் கட்டிவிட்டேன், அலமாரி பளிச்சென்று இருக்கிறது, அவருக்குத் திருப்தி. ஆனால் பதிவேட்டை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அதில் எண், தேதி, பெயர் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் எந்தக் கூடம், என்ன காரணம் என்று இரண்டு பத்தி சேர்த்திருக்கிறேன், மூட்டைக்குள் போன சீட்டுக்கும் சேர்த்து. பதிவேட்டில் ஏறிய காகிதம் காணாமல் போனால் அந்த எண் எங்கே என்று பார்க்கிறவர் கேட்டே தீருவார். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் கேட்பது கோப்பை இல்லை, பதிவேட்டை, அதைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை அதை என் கையாலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். கொடுப்பேன், கடைசிப் பக்கத்தில் கூடவாரியாகக் கூட்டிய கூட்டுத்தொகையையும் விரல் வைத்துக் காட்டுவேன். அதற்குப் பிறகு உன் மாமாவுக்கு வேலை இருக்குமா, எனக்கு என்ன ஆகும், அந்த இனிமையான குரலில் அவர் என்ன சொல்வார் என்று எதுவும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. உன் அப்பாவிடம் நேற்றுதான் சொன்னேன், பதிவேட்டைத் துணி சுற்றி எடுத்துட்டுப் போ, தூசி படாம இருக்கும் என்றார்.

இப்போது போன் பேச்சுக்கு வருகிறேன். உன் போன் நன்றாகத்தான் இருக்கிறது கண்ணு. நீ அதைத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறாய். மூன்று தடவை, மூன்றாவது தடவை ரொம்ப நேரம். இந்த உறைக்குள் உன் நான்கு சீட்டுக்கும் நகல் எழுதி வைத்திருக்கிறேன், மூலத்தை எடுக்கவில்லை, அது அங்கே எண்ணோடு இருக்கவேண்டும். இந்த வாரமே ஒரு நெஞ்சு டாக்டரிடம் போ, இந்த நகலை மேஜையில் வை, கல் தூசியில் இரண்டு வருஷம் நின்றேன் என்று உன் வாயால் சொல், சாதாரண சளி என்று பூசி மெழுகாதே. படம் எடுக்கச் சொன்னால் எடு. அறிக்கை எதுவானாலும் அப்படியே எனக்கு அனுப்பு, நல்லா இருக்கேன்மா என்று போனில் சொல்வது எனக்கு வேண்டாம், உன் மாமாவும் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறான். அவனுக்கு ஒரு போன் செய், வேறு எதுவும் பேசவேண்டாம், நீயும் போய்ப் பார் மாமா என்று மட்டும் சொல், நீ சொன்னால் கேட்பான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கு. நீ நூறு வயது நல்ல மூச்சோடு இருக்கவேண்டும், பெற்றவர்கள் இரண்டு பேரின் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கும். மறந்துவிடாதே, அறிக்கை. நம் முகவரி எழுதித் தனி உறை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன், மடிக்காமல் போடு. வீட்டு அலமாரியில் உன் பெயருக்கு மஞ்சள் அட்டையில் ஒரு கோப்பு திறந்திருக்கிறேன், இப்போதைக்கு அதில் ஒரு காகிதமும் இல்லை, ஒரு குறையும் இல்லை என்று நீ அனுப்புகிற ஒரே அறிக்கையோடு அது முடிந்துவிடவேண்டும் என்று அந்த வெறும் அட்டையைத் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தபாலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா