இடது காலின் அளவு

ஓங்கி ஆற்றங்கரை,
பனி உருகும் மாதம்.

என் அன்பு மகள் உயங்காவுக்கு அம்மா எழுதுவது. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே, அங்கே குளிர்காலம் நல்லபடியாகக் கழிந்ததா, பின்னலாடை ஆலையில் நின்று நின்று கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாயே, அது இப்போது தேவலையா. உன் அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன், உன் தம்பி கோம்போ இருக்கிறான். நாங்களும் ஆடுமாடுகளும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், எழுதப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன், இந்த முறை அந்த வரி கைக்கு வரமாட்டேன் என்கிறது. பனி இறுகிப்போய் புல் முழுக்க அடியில் மாட்டிக்கொண்டது, ஆடுகள் குளம்பு கிழிந்து ரத்தம் வரும்வரை பறித்துப் பார்த்தன, பிறகு ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து படுத்துவிட்டன. பட்டிக்கு வடக்கே குவித்து வைத்திருக்கிறோம், மண் இளகினால்தான் புதைக்க முடியும். வெயில் ஏற ஏற நாற்றம் வருகிறது, நாய்க்குக்கூட அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை.

பாதை திறந்ததும் கடை லாரிக்காரன் உன் கடிதத்தையும் இரண்டாவது பார்சலையும் கொண்டுவந்து கொடுத்தான். முதல் பார்சலில் தம்பிக்கு அனுப்பிய சாக்ஸ் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே அம்மா, அளவு சரியாக இருந்ததா, போட்டுக்கொள்கிறானா, இன்னும் அனுப்பவா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். அதைப் படித்துக் காட்டியபோது கோம்போ சேணத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமல், "நல்லா இருக்குன்னு எழுதிடும்மா. அது போதும் அவளுக்கு" என்றான். சரி என்றுதான் சொன்னேன். வரட்டி பொறுக்கப் போனேன், கூடை நிறைய வரட்டியோடு திரும்பி வந்தேன், பேனாவை எடுத்தேன், அந்தப் பொய்யும் வரவில்லை. இப்போது அவனும் அப்பாவும் ஆற்றுப் பக்கம் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் எழுதி முடிக்கிறேன். நீ இதை ஆலையில் வைத்துப் படிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. உன் தம்பிக்கு இடது பாதம் இல்லை.

எப்படி என்று கேட்பாய். சவாரி பூட்ஸுக்குள் சாக்ஸ் இறங்குவது நமக்கு என்ன புதிதா. சேணத்து அங்கவடியில் கால் ஊன்றி எழுந்து நின்று ஓட்டுகிற ஜனம் நாம், குதிரை ஒவ்வொரு முறை துள்ளும்போதும் பூட்ஸின் தோல் சாக்ஸைக் கவ்விக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்கும், குதிகாலைத் தாண்டிவிட்டால் பிறகு நேரே விரலுக்கடியில் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தானே அடித்த கம்பளியில் முழங்கால் வரை உறை தைத்து, மேல் ஓரத்தில் நாடா வைக்கிறேன். உள்ளே போட்ட சாக்ஸையும் சேர்த்து முழங்காலுக்குக் கீழே சுற்றி முடிந்துவிட்டால் பொழுது சாயும்வரை ஓட்டினாலும் அசையாது. பள்ளிக்கூடம் போகிற நாளில் உனக்கும் கட்டிவிடுவேன், இறுக்குகிறது என்று அழுவாய், நினைவிருக்கிறதா.

இலையுதிர் காலத்தில் நம் வீட்டு ஆட்டு ரோமத்தை அடித்துக் கம்பளியாக்க ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பல்தன் குடும்பமே வந்திருந்தது. அவர் மகள் டோல்கர் மேல் கோம்போவுக்கு ஒரு கண், அவளுக்கும் அப்படித்தான், நாங்கள் இன்னும் பட்டுத்துணி எடுத்துப் போய்ப் பெண் கேட்கவில்லை, அவ்வளவுதான். சுருட்டிய கம்பளி உருண்டு இறுகட்டும் என்று குதிரையில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான் கோம்போ, அவன் நாடா அவிழ்ந்து பூட்ஸுக்கு வெளியே தொங்கியது, நான் சும்மா இருக்காமல் ஓடிப்போய் அவன் குதிரை மேல் இருக்கும்போதே கட்டிவிட்டேன். பல்தன் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. "ஏம்ப்பா, குதிரை ஏறின பிறகும் அம்மாதான் நாடா கட்டி விடணுமா? நாளைக்குக் கல்யாணம் ஆனா இந்த வேலையும் எம் பொண்ணு தலையிலதானா?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். டோல்கர் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கோம்போ மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் பார்க்கிறேன், உறையில் இருந்த நாடா இரண்டையும் கத்தியால் அறுத்துப் போட்டிருக்கிறான். திரும்பத் தைக்கிறேன் என்றேன், ஒரு முறை முறைத்தான், விட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் உன் முதல் பார்சல் வந்தது. கழுத்தில் ரப்பர் வைத்த சாக்ஸ், நாடாவே வேண்டாம், தானாக நிற்கும் என்று எழுதியிருந்தாய். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. அக்காவுக்குத்தான் என் கஷ்டம் தெரியும் என்று சொல்லிக்கொண்டே போட்டான். நன்றாகத்தான் நின்றது, பொய் சொல்லக்கூடாது. தினமும் சாயங்காலம் அதை வாங்கி அடுப்புக் குழாய் மேல் காயப் போட்டது நான். அந்தச் சூட்டில் ரப்பர் செத்துப்போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்.

குளிர் உச்சத்தில் இருந்தபோது ஒரு புயல் அடித்தது, குதிரை மந்தை காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டது. விடிந்ததும் கோம்போ தேடிப் போனான். மந்தை போய் ஒதுங்கியிருந்தது வேறெங்குமில்லை, பல்தனுடைய குளிர்கால முகாமுக்குப் பின்னால், குன்றின் மறைவில். போகும்போதே இடது காலில் சாக்ஸ் இறங்கிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கூடாரத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்திருக்கிறார்கள், டோல்கர்தான் ஊற்றினாளாம். பல்தன் மனைவி நல்லவள், "பூட்ஸைக் கழட்டி அடுப்புப் பக்கம் வையேன் தம்பி, ராத்திரி தங்கிட்டு விடிஞ்சதும் போலாம்" என்று சொல்லியிருக்கிறாள். இவன் "வேணாம்மா, காலெல்லாம் சூடாத்தான் இருக்கு" என்றானாம். நம் பக்கத்தில் அடுத்த வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணம் தேநீர் குடிக்க யார் பூட்ஸைக் கழற்றுகிறார்கள், அதுவும் பெண் கேட்டு இன்னும் ஆள் போகாத வீட்டில், அந்தப் பெண்ணுக்கு எதிரில், நாடா அறுத்த உறையும் சுருண்டுபோன சாக்ஸுமாக, அந்த வாய்க்கு முன்னால். குதிரையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய் மறைவில் இழுத்துவிட்டுக்கொள்ளலாம் என்று எழுந்திருக்கிறான். வா நானும் வந்து காட்டுகிறேன் என்று பல்தன் கூடவே எழுந்துவிட்டார். அவ்வளவுதான் மகளே, ஒரு சாக்ஸை மேலே இழுக்கிற நேரம். அது கிடைக்கவில்லை அவனுக்கு.

திரும்பும்போது எதிர்க்காற்று. தனி ஆள், இறங்கினால் மந்தை மறுபடி காற்றோடு திரும்பிவிடும், ஆகையால் இறங்கவில்லை. வெகுநேரம் வலித்ததாம், பிறகு வலி நின்றதாம், சரியாகிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டானாம். வலி நின்றால் பயப்படு என்று அவனுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். பொழுது சாயும் நேரத்தில் குதிரைகளோடு வந்து சேர்ந்தான். பூட்ஸ் கழலவில்லை. நான் தோலைக் கத்தியால் கிழித்தேன். உன் சாக்ஸ் விரலுக்கடியில் ஒரு உருண்டையாக உறைந்து கிடந்தது, குதிகாலும் பாதமும் வெறுமையாக வெள்ளையாகக் கல் மாதிரி இருந்தது. தொட்டேன், தொட்டது அவனுக்குத் தெரியவில்லை. பாதை மூடிக்கிடந்தது, மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே நாளாகிவிட்டது. அந்த டாக்டர் அம்மா சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், முதலில் விரல்கள் மட்டும் என்றாள், பிறகு பாதி பாதம் என்றாள், கடைசியில் கணுக்காலுக்கு மேலே எடுத்தாள். சொல்லும்போது அவளும் அழுதாள். நாங்கள் அங்கே இருந்தபோது இங்கே உன் அப்பா தனியாக ஆடுகளைத் தூக்கித் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். கோம்போ காலைக் கொடுத்துக் கொண்டுவந்த குதிரைகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, அந்தக் கிழட்டுச் செம்பட்டைக் குதிரை ஒன்றுதான் மிச்சம்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, நாடா இல்லாத சாக்ஸை இவளை யார் அனுப்பச் சொன்னது என்று உன்னை மனதுக்குள் திட்டினேன். பிறகு பல்தனைத் திட்டினேன், பிறகு என் அடுப்பை, என் கையை. திட்ட ஆள் தீர்ந்துபோனதும் வெறும் துக்கம்தான் மிஞ்சியது. இப்போது யார் மேலும் கோபமில்லை. நீயும் அங்கே உட்கார்ந்து உன்னையே திட்டிக்கொள்வாய், எனக்குத் தெரியும், ஒரு நாள் திட்டிக்கொள், நன்றாக அழு, அதோடு விடு. கிளம்பி வருகிறேன் என்று மட்டும் எழுதாதே. வந்து என்ன செய்வாய், மேய்க்க இங்கே எதுவுமில்லை.

பனி இளகத் தொடங்கியதும் பல்தன் வந்தார். கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார் என்று நினைத்து நான் தேநீரைக்கூட நன்றாகச் சூடு பண்ணவில்லை. கோம்போ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான். பல்தன் விருந்தாளி இடத்தில் உட்கார்ந்தார், மூக்குப்பொடிச் சிமிழை எடுத்து உன் அப்பாவுக்குக் கொடுத்தார், அப்பா வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்து தன் பூட்ஸைக் கழற்றினார். ஒன்று, பிறகு மற்றொன்று. நம் கூடாரத்தில் எந்த விருந்தாளியும் செய்து நான் பார்த்ததில்லை. உறையோடு காலை நீட்டி வைத்தார், அவர் உறையில் நாடா இருந்தது உயங்கா, பெண்பிள்ளை போட்ட முடிச்சு. "எம் பொண்டாட்டிதான் தினம் கட்டி விடறா. நாப்பது வருஷமா" என்றார். பிறகு, "என் வாய் ஒரு காலைத் தின்னுடுச்சு தம்பி. பொண்ணு காத்திருக்கா, அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார். கோம்போ திரும்பவில்லை, சுவரைப் பார்த்தே பதில் சொன்னான். "நானா குதிரை ஏறி வர்ற அன்னிக்கு கேக்கறேன் மாமா. ஏற முடியலைன்னா வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க அவளை." பல்தன் அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்ப எவ்வளவு நேரமானது தெரியுமா, தளர்ந்த நாடாவை அவருக்குக் கட்டத் தெரியவில்லை, நான்தான் கட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து இவன் பாடு இதுதான். குதிரைக்கு இடப்பக்கமாகத்தானே ஏறுவோம், இடது கால்தானே முதலில் அங்கவடியில் போக வேண்டும். வலப்பக்கமாகப் போனால் குதிரை மிரளுகிறது. அந்தச் செம்பட்டைக் கிழத்தைத் தினமும் ஆற்றங்கரை மணலுக்குக் கூட்டிப்போய் வலப்பக்கம் நிற்கப் பழக்குகிறான், விழுகிறான், எழுகிறான், உன் அப்பா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார். நேற்று ஏறிவிட்டான். ஏறி உட்கார்ந்தவன் கொஞ்ச தூரம் போனான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மரக்காலை உன் அப்பா சேணம் செதுக்குகிற உளியால் சீவி ஓரளவு சரிப்படுத்தியிருக்கிறார், அதைப் பூட்ஸுக்குள் விட்டுக் கட்டிக்கொள்கிறான், மரத்துக்கும் சதைக்கும் நடுவில் போட நம்மிடம் சரியான துணி இல்லை. உன் இரண்டாவது பார்சல் சாக்ஸைத்தான் போட்டுப் பார்த்தோம். குதிகால் வைத்துப் பின்னியது, குதிகால் இல்லாத காலில் எப்படி நிற்கும், எழுந்து நின்று ஓட்டியதும் வழுக்கி அடியில் போய்ச் சுருண்டுவிட்டது. புண் ஆறின இடம் திரும்பக் கிழிந்து ரத்தம். இன்னொரு முறை சீழ் வைத்தால் முழங்கால் போய்விடும் என்று டாக்டர் அம்மா சொல்லித்தான் அனுப்பினாள், முழங்கால் போனால் சவாரியும் போயிற்று. இதை அவனிடம் சொன்னால் கேட்பானா.

அதனால்தான் உனக்கு மறைக்காமல் எழுதினேன். அங்கே உன் கையில் மெஷின் இருக்கிறது. குதிகால் வேண்டாம், விரல் வேண்டாம், ஒரு பை மாதிரி, கெட்டியான கம்பளியில், அடியில் தையல் தடிப்பு உறுத்தாமல், முழங்காலுக்கு மேலே ஏறுகிற நீளத்துக்குப் பின்னி அனுப்பு. ரப்பர் வேண்டவே வேண்டாம். மேல் ஓரத்தில் நாடா வை, நீளமாக வை, முழங்காலுக்கு மேலே ஒரு சுற்று கீழே ஒரு சுற்று வரவேண்டும். அவன் அறுக்கமாட்டான். நேற்று ரத்தத்தைத் துடைத்துவிட்டு என் அங்கியின் கச்சையிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கட்டினேன், காலை நீட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி இருந்தான், "இன்னும் இறுக்கும்மா" என்றான்.

மற்றபடி நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரச் சாக்ஸோடு மெஷினில் நிற்காதே, அங்கே குளிர் இல்லை என்று எழுதுகிறாய், நம்பமாட்டேன். காலையில் நீ இருக்கும் மேற்குத் திசை பார்த்துப் பால் தெளிப்பேன், இப்போது கறக்க ஒன்றுமில்லாததால் தேநீரின் முதல் கரண்டியைத் தெளிக்கிறேன், அதுவும் உன்னிடம் வந்து சேரும். வானம் உன் தலைக்கு மேலே தெளிவாக இருக்கட்டும், உன் வழி முழுக்க வெளிச்சமாக இருக்கட்டும். பழுப்பு நூல் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன், கடிதத்தைப் பிரித்தபோது கீழே விழுந்திருந்தால் தேடி எடு. முதல் முடிச்சு வரை அடிச்சுற்றளவு, அங்கிருந்து அடுத்த முடிச்சு வரை, அடியிலிருந்து முழங்காலுக்கு உள்ள நீளம். அவன் தூங்கும்போது அளந்தேன். உன் தம்பியின் இடது கால் இப்போது அவ்வளவுதான் இருக்கிறது, தொலைத்துவிடாதே.

உன் அம்மா,
டாரி