பாய்க்கு அடியில் உன் அம்மா

லோகன், ஆஸ்திரேலியா,
சனிக்கிழமை காலை.

மரேகோவுக்கு,

இங்கே நாங்கள் யாரும் நலமாக இல்லை. நீ நலமாக இருப்பதைப் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பிரான்சில் புது ரக்பி கிளப், புது ஜெர்சி, கையில் பூங்கொத்து. சிரிப்பு மட்டும் பழசு. என் சமையலறையில் உட்கார்ந்து இன்னொரு தட்டு சாப்பசூயி நூடுல்ஸ் கேட்கும்போது சிரிப்பாயே, அதே சிரிப்பு. அந்தப் பக்கத்தைக் கிழித்து மீன் செதிலைச் சுற்றி வெளியே போட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு எப்படி வந்து சேரும் என்று தெரியவில்லை. போன் நம்பரை மாற்றிவிட்டாய். ஆனாலும் இன்று எழுதாமல் இருக்க முடியாது. உன் அம்மா என் வீட்டு முன் புல்தரையில் இருக்கிறாள்.

விடிந்ததும் ஜன்னல் திரையை விலக்கினேன். மகெரிதா மண்டி போட்டு, உங்கள் குடும்பத்துப் பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்திருந்தாள். நீ இங்கேயே பிறந்தவன், மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். சமோவாவில் தப்புச் செய்த வீட்டார், அடிபட்ட வீட்டு வாசலில் இப்படித்தான் வந்து பணிவார்கள். அந்த வீட்டுத் தலைவர் வெளியே வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் அப்படியே கிடக்க வேண்டியதுதான். அந்தக் காலத்தில் கத்தியோடு வெளியே வந்தவர்களும் உண்டு. இசாயாவின் அப்பா போன பிறகு இந்த வீட்டுக்குத் தலை நான்தான். நான் எடுக்கவில்லை. கோகோ காய்ச்சி, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, குடித்துக்கொண்டே எழுதுகிறேன்.

இசாயா எழுந்து வந்து பார்த்துவிட்டு, "அம்மா, அது மகெரிதா ஆன்ட்டிம்மா. பாய எடும்மா, பாவம்" என்றான். "நீ வாய மூடிட்டு உள்ள போ. போலீஸ்கிட்ட மூடுனியே, அதே மாதிரி மூடு" என்றேன். போய்விட்டான். அவ்வளவு பெரிய உடம்பு, உள்ளே இருப்பது ஒரு கோழிக்குஞ்சு.

கோழி வேஷம் தைத்துக் கொடுத்ததும் நான்தானே. சீசன் முடிந்த திங்கட்கிழமை, ஆட்டக்காரர்கள் வழக்கப்படி, நீங்களெல்லாம் வேஷம் கட்டிக் குடிக்கப் போனீர்கள். அவனுக்கு மஞ்சள் துணியில் கோழி, உனக்குப் பாதிரியார் அங்கி. இடுப்புக்குக் கயிறு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாய். அந்த அங்கிக்குள் கொக்கைன் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? போலீஸ் உங்கள் பஸ்ஸை நிறுத்தியதும் பொட்டலத்தை அவன் மடியில் போட்டாய். "புடிடா இசா. என் பேர் வந்தா டீமே போச்சு. உனக்கு ஒண்ணும் ஆகாது, வக்கீல வச்சு நான் பாத்துக்கறேன்" என்றாயாம்.

பிடித்துக்கொண்டான். சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து அவன் வேலையே அதுதானே. பந்தை நீ கொடுப்பாய், எதிரே மதிலாக நிற்கும் ஆட்கள் மேல் போய் அவன் முட்டுவான். மூக்கு அவனுக்கு உடையும், படம் உனக்கு வரும். ஒரே ஒரு நாள்தான் முதல் பக்கத்தில் அவன் படம் வந்தது. கோழி வேஷத்தில், கையில் விலங்கோடு. சர்ச்சில் பின்வரிசைப் பையன்கள் கொக்கரித்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

விற்பதற்காக வைத்திருந்தான் என்று வழக்கு. செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறானாம். நடந்ததை என்னிடம் மட்டும்தான் சொன்னான். "கூட ஆடுனவனக் காட்டிக் குடுக்கறவன் மனுசனாம்மா?" என்று என்னையே கேட்கிறான். வக்கீல், "ஒண்ணு உங்க பையன் வாயத் திறக்கணும், இல்ல அந்த ஆள் திறக்கணும். உங்க பையன் சொன்னான்னு நீங்க வந்து சொன்னா எடுபடாது. ஜெயில் நிச்சயம்" என்றார். அந்த ஆளை கிளப் கைகுலுக்கிப் பிரான்சுக்கு அனுப்பிவைத்துவிட்டது.

உன் முட்டி உடையட்டும் என்று ஞாயிறுதோறும் ஜெபித்தேன். இனி எந்த மைதானத்திலும் நீ ஓடக் கூடாது. கர்த்தரிடம் கேட்கக் கூடாததுதான், கேட்டேன். பாடகர் குழுவில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டேன்.

இப்போது மழை பிடித்துவிட்டது. எதிர்வீட்டு வெள்ளைக்காரி குடையோடு ஓடிவந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டாள். "நீ வீட்டுக்குப் போம்மா, இது எங்க விஷயம்" என்று பாய்க்குள்ளிருந்து பதில் வந்தது. நன்றாக நனையட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இனித்தது, உன்னிடம் மறைப்பானேன்.

மதியம்.

பாயை எடுக்கப் போகவில்லை, திட்டத்தான் போனேன். "வர வேண்டியவன் உன் புள்ள. நீ எந்திரிச்சுப் போ" என்றேன். பாய்க்குள்ளிருந்தே அவள் சொன்னாள்: "அவனுக்காக வரல, அகெனேசே. எனக்காக வந்தேன். 'சரக்கு என்னோடதும்மா, இசா கையில குடுத்துட்டேன்'னு மரேகோ அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டான். அது தெரிஞ்சும் இத்தன மாசமா உன் பக்கத்துல நின்னு பாடிட்டேன்."

அப்புறம்தான் பாயை எடுத்தேன்.

இப்போது என் உடுப்பைப் போட்டுக்கொண்டு என் கட்டிலில் படுத்திருக்கிறாள். இசாயா அவள் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறான். உன் புது நம்பரை அவள்தான் தந்தாள். இந்தத் தாள்களைப் படமெடுத்து அதற்குத்தான் அனுப்பப் போகிறேன்.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நீ போனில் சொன்னதை அப்படியே சொல்லப் போகிறாளாம். நான் காரில் கூட்டிப் போகிறேன் என்றேன். பெற்றவளே உனக்கு எதிராக பைபிள் மேல் கை வைக்கப் போகிறாள். இதைவிடப் பெரிய பழிவாங்கலை நான் உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். குதிக்க வேண்டியவள் நான். ஆனால் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "பிரான்சுல இப்ப ரொம்பக் குளிருமா, அகெனேசே?" என்று என்னைக் கேட்கிறாள்.

அதனால் கேட்கிறேன். அவள் ஸ்டேஷன் படி ஏறுவதற்கு முன்னால் நீயே போலீஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. சொல்லிவிட்டுக் கிளம்பி வா. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னித்தது அவளை. பாயைக் கொடியில் உலர்த்தியிருக்கிறேன், திருப்பித் தரமாட்டேன். அது இனி உன் தலைக்கு.

நீ பத்திரமாக வந்து இறங்கக் கர்த்தர் துணையிருக்கட்டும். உன் முட்டியைப் பற்றிய ஜெபத்தை இன்றோடு நிறுத்திவிட்டேன். என் வாசலில் மண்டி போட உனக்கு அந்த முட்டி வேண்டும்.

இப்படிக்கு,
இசாயாவின் அம்மா,
அகெனேசே.