இரண்டாம் பாகத்தில் இல்லாத காட்சி

நேற்று மத்தியானம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். சோறு தின்ற மயக்கத்தில் மகளோடு உட்கார்ந்திருந்தேன். வெள்ளி முகத்தோடு ஓர் இயந்திர மனிதன் புகைக்குள்ளிருந்து நடந்து வந்ததும் தூக்கம் போய்விட்டது. அலுமினியப் பொடியின் வாடை மூக்கில் ஏறியது. டிவியிலிருந்து வாடை வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வந்தது. கூடவே நீயும் வந்தாய்.

பட்டாசுக் கம்பெனியில் நாம் பூச்சட்டிக்கு மருந்து அடைத்த அந்த அறையை நினைத்தால் இப்போதும் கனவில் பார்த்த இடம்போலத்தான் இருக்கிறது. எம். புதுப்பட்டிக்கு வெளியே, காட்டு நடுவில் தனித்தனியாக நிற்கும் அறைகள். அறைக்கு நான்கே பேர். வெயில் சாய்ந்து உள்ளே வரும்போது காற்றெல்லாம் பொடி மினுங்கும். சாயங்காலம் நால்வரும் தலை முதல் கால் வரை வெள்ளியாகி வெளியே வருவோம். எத்தனை சோப்புப் போட்டாலும் காது மடிப்பில் மிச்சம் இருக்கும். சின்ன வயதிலேயே உனக்கு இடது கால் சூம்பிப்போனதால் வாசலை ஒட்டிய இடத்தை உனக்கு ஒதுக்கியிருந்தார் போர்மேன். அது போதாதென்று நானும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். "சத்தம் கேட்டா உன் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத்தான் ஓடுவேன்." நீ சிரிப்பாய். "மொதல்ல நீ ஓடு புள்ள. திரும்பிப் பாக்காம ஓடணும்னுதான சொல்லிருக்காக."

ஒரு வருடம் தீபாவளி சீசன் முடிந்ததும் கம்பெனி நம்மை வேன் வைத்துச் சிவகாசிக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனது. மனிதர்களைக் கொல்ல வந்த இயந்திரங்களின் கதை. இங்கிலீஷ் படம், தமிழில் பேசினார்கள். அதுவும் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை நம்மில் ஒருத்தியும் பார்த்ததில்லை. வெள்ளி முகம் திரையில் வந்ததும் என் காதில் சொன்னாய்: "இவன் நம்ம ரூம்ல வேல பாக்குறவன்தான். குளிக்காம வந்துட்டான்."

நான் சிரித்து முடிக்கவில்லை, திரையில் ஒரு கட்டடம் வெடித்தது. நாற்காலி அதிர்ந்தது. கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடினோம். யாரும் யோசிக்கவில்லை. செருப்பை விட்டு, தூக்குச்சட்டியை விட்டு, வெளியே வெயிலில் போய் நின்ற பிறகுதான் போர்மேன் பின்னாலேயே வந்து சேர்ந்தார். "ஏ தாயி, அம்புட்டு பேரும் எங்கன ஓடுறீக? படம் தாயி அது." சோடாக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கம்பெனியில் சத்தம் கேட்டால் நிற்பதுபோல, யாரும் சொல்லாமலே அறை வாரியாக நின்றிருந்தோம். நம் அறைக்கு மூன்று பேர்தான் இருந்தோம்.

மற்றவர்கள் உள்ளே திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்காருவது? சோடாக்கடைப் பெஞ்சிலேயே இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் பேசுவது தூக்கத்தில் கேட்பதுபோல் கேட்டது. சினிமாச் சத்தத்துக்கே உன்னை விட்டுவிட்டு ஓடியவள், நிஜச் சத்தத்துக்கு என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. உனக்கும் தெரிந்திருக்கும். படம் முடிந்து, காலைச் சாய்த்துச் சாய்த்து நீ வந்தாய். கையில் என் செருப்பு. "போட்டுக்க, தரை சுடுது" என்றாய். அவ்வளவுதான்.

கம்பெனி திறந்ததும் நீயாக ஆரம்பித்தாய். "நீதான் பாக்கலேல்ல, மிச்சத்தக் கேளு." மருந்து அடைத்தபடியே தினமும் கொஞ்சம். உன் வாயில் அந்த இயந்திரங்கள் நம் காட்டுக்குள்ளேயே நடமாடின. கண்மாய்க் கரையில் ஏறி நின்று ஆலங்குளம் சிமெண்ட் ஆலைப் புகையை வேடிக்கை பார்த்தன. ஒருநாள் அந்தக் காட்சி வந்தது. தீப்பிடித்த ஆலைக்குள் இரண்டு இயந்திரங்கள். ஒன்றுக்குக் கால் போய்விட்டது. இன்னொன்று அதை விட்டுவிட்டு ஓடிவிடுகிறது. கால் போனது தவழ்ந்து தவழ்ந்து வெளியே வந்தால், ஓடியது தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. அதைப் பார்த்துக் கால் போனது சொல்கிறது: "நீ ஓடுனதாலதான் புகைக்குள்ள வாசல் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரிஞ்சது."

"கொல்ல வந்ததுக்கு எதுக்குடி இம்புட்டுப் பாசம்?" என்று கேட்டேன்.

"இது ரெண்டாம் பாகம்ல. மொத பாகத்துலயே கொன்னு கொன்னு சலிச்சுப்போச்சு."

நானும் நம்பினேன். படம் எடுத்தவன் நல்ல மனுசன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் மூன்று வருடம் ஆகிறது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். "அன்னிக்குத் தேட்டர்ல..." என்று இரண்டு முறை வாயெடுத்தேன். "மொத பாகம் வந்தா சொல்லு, போவோம்" என்று பேச்சை மாற்றினாய். என்னை மன்னிப்புக் கேட்கவே விடவில்லை.

நேற்று அந்தக் காட்சிக்காகக் கடைசி வரை காத்திருந்தேன். வரவில்லை. கால் போன இயந்திரமே அந்தப் படத்தில் இல்லை. கொலை, தீ, மறுபடி கொலை, பிறகு பெயர்கள் ஓடின. நீயே கட்டிய கதை என்று இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் கேட்க நினைத்ததை, நான் கேட்பதற்கு முன்பே, மருந்து அடைத்துக்கொண்டே கொடுத்துவிட்டிருக்கிறாய், பொய்க்காரி.

"கொலகாரப் படத்துக்குப் போயி யாராவது அழுவாகளாம்மா?" என்றாள் மகள். கண்ணைத் துடைக்கலாம் என்று பார்த்தால் என் வலது கை அவள் மணிக்கட்டில் இருந்தது. ஆரம்பத்தில் அந்தக் கட்டடம் வெடித்தபோது பிடித்திருக்கிறேன். படம் முடியும் வரை விடவே இல்லை.

"கை மரத்துப்போச்சு, விடும்மா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டேன்.